வாசகர் கேள்விகள்: வங்கியும் அலுவலகமும் இல்லாமல் நாமே நடத்திக்கொள்ள முடியுமா?

மக்கள் தங்களுக்குள் கூடி, இருக்கும் நிறுவனங்களுக்கு மாற்றாகத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்வதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததை ஒட்டி வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே பொருளைக் கேட்டிருந்தவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் அடுக்ககத்தில் நாற்பது வீடுகள். தனிநபர் கடனுக்காக வங்கிக்கு அலைவதைவிட, விருப்பமுள்ள இருபது பேர் மாதம் ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டு, தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. சட்டம் இடம் தருமா? நம்பி இறங்கலாமா?
— வாசகர், பெரம்பூர்

நீங்கள் விவரிப்பது நம் ஊரில் தலைமுறைகளாக நடந்துவரும் ஏலச்சீட்டுதான். இருபது பேர் 5,000 ரூபாய் போட்டால் மாதம் ஒரு லட்சம் சேர்கிறது. அந்த மாதம் மிக அவசரமாகப் பணம் வேண்டியவர் 25,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்; அவர் கைக்கு 75,000 வருகிறது. தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷனாக 5,000 போக, மீதி 20,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆளுக்கு ஆயிரமாகக் கசர், அதாவது கழிவு, பிரிகிறது. ஆகவே அந்த மாதம் ஒவ்வொருவரும் உண்மையில் கட்டுவது 4,000 தான். கடன் வாங்குபவருக்கு வட்டியும் சேமிப்பவருக்கு இலாபமும் அதே இருபது பேருக்குள்ளேயே தீர்மானமாகின்றன. வெளியிலிருந்து ஒருவரும் வட்டி விகிதம் நிர்ணயிப்பதில்லை. இந்த அமைப்பின் அழகு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆனால் சட்டம் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டுத் தொடங்குவது குற்றம். பதிவு செய்பவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் காட்ட வேண்டும். நடத்துபவரின் கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு, 2019-இல் அது 5 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அக்கம்பக்கத்தில் நடக்கும் சீட்டுகளில் மிகப் பல பதிவு செய்யப்படாதவை என்பது ஊரறிந்த விஷயம். அவற்றில் பணம் போட்டவர், நடத்துபவர் இரவோடு இரவாகக் காணாமல் போன பிறகுதான் சட்டத்தை நினைத்துப் பார்க்கிறார்.

நம்பலாமா என்ற கேள்விக்கு என் பதில், ஆட்களை நம்புவதைவிட ஏற்பாட்டைப் பாருங்கள் என்பதே. சீட்டில் ஆபத்து வருவது, சீட்டை முன்னதாக எடுத்தவர் பின்னர் கட்டாமல் நிற்பதாலும், நடத்துபவர் ஒரு சீட்டின் பணத்தை இன்னொரு சீட்டுக்குத் திருப்புவதாலும்தான். முதலாவதற்கு ஜாமீன் வேண்டும். இரண்டாவதற்கு ஒவ்வொரு மாதமும் யார் எடுத்தார், எவ்வளவு தள்ளினார், யார் பாக்கி என்ற விவரம் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டப்பட வேண்டும். இவ்விரண்டுக்கும் உங்கள் அடுக்ககத்தில் முகம் சுளிப்பவர்கள் இருந்தால், அவர்களை விட்டுவிட்டுத் தொடங்குங்கள், அல்லது தொடங்காதீர்கள்.

சிலர் இதை 'நிதி'யாகப் பதிவு செய்யலாமே என்றும் கேட்டிருக்கிறார்கள். சென்னைக்கு அது புதிதல்ல. மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் 1872-இலேயே தொடங்கியது. உறுப்பினர்களிடம் மட்டுமே வைப்பு வாங்கி, உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் தருவது நிதி என்பதன் இலக்கணம். இன்று அது கம்பெனிகள் சட்டத்தின் 406-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. குறைந்தது 200 உறுப்பினர்கள் வேண்டும், நகை, சொத்து போன்ற ஈடு இல்லாமல் கடன் தரக்கூடாது, சீட்டு நடத்தக்கூடாது. இருபது பேருக்கு அது பெரிய சட்டை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் இந்த நகரத்தின் பல நிதிகள் கவிழ்ந்து, ஓய்வூதியக்காரர்கள் வாசலில் வரிசையில் நின்றதைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறு தொகைக்குப் பங்கு வாங்கிய கணத்தில் எவரும் 'உறுப்பினர்' ஆகிவிட முடிந்ததும், கிளைமேல் கிளை திறந்து ஒருவரை ஒருவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் சேர்ந்ததும், அவர்கள் பணம் மனைத்தொழிலில் போய் முடங்கியதும்தான் அதன் கதை. உறுப்பினர் என்பது படிவத்தில் ஒரு கையெழுத்தாகச் சுருங்கிய பின், அது உள்ளபடியே கண்காணிப்பு குறைந்த ஒரு வங்கியாகத்தான் இருந்தது.

கூட்டுறவு என்றாலே ரேஷன் கடையும் அரசியலும்தான் நினைவுக்கு வருகின்றன. மக்கள் தாமே நடத்தத் தொடங்கிய ஒன்று எப்படி இப்படி ஆனது?
— வாசகி, திருவல்லிக்கேணி

உங்கள் பேட்டையிலிருந்தே தொடங்கலாம். இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்றான திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் அங்கேதான் பிறந்தது. தொடங்கியவர்களில் ஒருவர், அப்போது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. கலப்படமும் எடைக்குறைவும் கண்டு சலித்த நடுத்தரக் குடும்பங்களுக்கு நியாய விலையில் மளிகை கிடைக்கச் செய்வது நோக்கம். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் இருபத்தெட்டுப் பேர், அவர்களில் பலர் நெசவாளிகள், மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கத் திறந்த கடையே இதற்கெல்லாம் முன்மாதிரி. யார் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்ற வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர்கள் அவர்களே.

கிராமக் கடன் சங்கங்களின் கதை வேறு வழியில் வந்தது. விவசாயிகள் வட்டிக்காரர்களிடம் சிக்கிக் கிடந்ததைப் பார்த்த சென்னை மாகாண அரசு, ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பிய முறைகளை ஆராயப் பணித்தது. 1895-இலும் 1897-இலும் அவர் அளித்த பெரிய அறிக்கையின் சாரம் இரண்டே சொற்களில் அடங்கியது: ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள். ஜெர்மனியில் ஊர்த்தலைவராக இருந்து கடன் சங்கங்களை வளர்த்த ரைஃபைசனின் முறையில், சங்கம் ஓர் ஊரைத் தாண்டாது. எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். நிர்வாகிகள் ஊதியம் வாங்குவதில்லை. கடன் மூழ்கினால் எல்லாரும் பொறுப்பு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திருவள்ளூர் அருகே திரூரில் ஒரு விவசாயக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் பதிவாயின.

இங்கேதான் திருப்பம். ஜெர்மனியில் சங்கம் முதலில் வந்தது, சட்டம் பின்னால் வந்தது. இங்கே சட்டம் முதலில் வந்தது. அதோடு பதிவாளர் என்ற அதிகாரியும் வந்தார். சங்கத்தைத் தொடங்கி வைப்பவரும், தணிக்கை செய்பவரும், கலைப்பவரும் அவரே. விடுதலைக்குப் பிறகு அரசின் பணமும் திட்டங்களும் சங்கங்கள் வழியே பாய்ந்தபோது, அந்தப் பணத்தைக் காக்க மேலும் அதிகாரிகள் வந்தார்கள். தேர்தல் நடத்தாமல் தனி அலுவலரைக் கொண்டே ஆண்டுக்கணக்கில் சங்கங்கள் ஓட்டப்பட்டதும், தேர்தல் நடந்தபோது ஆளுங்கட்சிக்காரர்கள் போட்டியின்றி வந்து அமர்ந்ததும் இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் நாம் பார்த்தவை. அரசை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆண்டுப் பொதுக்குழுவுக்குப் போகாமல், கடன் தள்ளுபடி அறிவிப்புக்கு மட்டும் காத்திருக்கும் உறுப்பினர், சங்கத்தைத் தன்னுடையதாக நினைப்பதை எப்போதோ விட்டுவிட்டவர்.

இந்த மாற்று அமைப்புகளெல்லாம் நேரமும் படிப்பும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு அல்லவா? அன்றாடம் உழைப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?
— வாசகி, அயனாவரம்

தண்டல் என்ற சொல்லை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் ரூபாய்க் கடனில் முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்து, மறுநாளிலிருந்து நாளுக்குப் பத்து ரூபாயாக நூறு நாள் வசூலிப்பது. பூக்கூடைக்கும் காய்கறித் தட்டுக்கும் முதல் தேடும் பெண்களுக்கு வங்கியின் கதவு திறக்காதபோது, தெருவுக்கே வருபவர் தண்டல்காரர்தான்.

இதற்கு மாற்றாக 1978-இல் ஜெயா அருணாசலம் தலைமையில் சென்னையில் தொடங்கியது உழைக்கும் பெண்கள் மன்றம். ஒரே பகுதியில் வாழும், ஒருவர் குடும்பத்தை ஒருவர் அறிந்த பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்றார்கள். ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில் தேசியமயமான வங்கிகள் ஏழைகளுக்குத் தர வேண்டியிருந்த கடனைக் குழுவாகச் சென்று கேட்டார்கள். வங்கியின் படிவங்களும் தாமதங்களும் அலுத்துப்போன பின், சில ஆண்டுகளுக்குள் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது 1992-இல்தான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வழிகாட்ட, நிறுவனம் பின்னால் வந்தது என்றே இதைப் படிக்கிறேன். பொழுதுபோக்கு என்ற சொல் எனக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

கைப்பேசிச் செயலி ஒன்றில் பணம் போட்டால், தனிநபர்களுக்கு நேரடியாகக் கடன் கொடுத்து ஆண்டுக்கு 12 விழுக்காடு 'உறுதி' என்கிறார்கள். போடலாமா?
— வாசகர், தாம்பரம்

'உறுதி' என்று சொன்ன அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள். இத்தகைய தளங்களுக்கு ரிசர்வ் வங்கி 2017-இல் விதிகள் வகுத்தது: ஒருவர் ஒரே கடனாளிக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தரக்கூடாது, கடன் 36 மாதத்துக்கு மேல் நீளக்கூடாது, தளம் இடைத்தரகர் மட்டுமே. வரவேண்டிய பணம் வராவிட்டால் நட்டம் முழுவதும் உங்களுடையது. சில தளங்கள் இதை வைப்புத்தொகைபோல விளம்பரப்படுத்தியதால், 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கியது; உறுதியான இலாபம், வேண்டியபோது பணம் திரும்பப் பெறலாம் என்ற வாக்குறுதிகளுக்கு இடமில்லை என்று தெளிவாக்கியது. முகம் தெரியாத ஆயிரம் பேருக்குக் கடன் கொடுப்பதைப் பரஸ்பர உதவி என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

விக்கிப்பீடியாவும் லினக்ஸும் ஊதியம் வாங்காதவர்களால் உருவானவை. மற்ற வேலைகளும் ஏன் அப்படி நடப்பதில்லை?
— கல்லூரி மாணவர், கிண்டி

தமிழிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்னுரையாக்கும் தன்னார்வப் பணி. ஒரு நாட்டில் இருப்பவர் தட்டச்சு செய்வார்; இன்னொரு நாட்டில் இருப்பவர் அச்சுப்பிரதியோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்ப்பார். இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டியதே இல்லை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.

இவை நடப்பதற்குக் காரணம், வேலையை மிகச் சிறிய துண்டுகளாக வெட்ட முடிவதுதான். இருபது பக்கம் தட்டச்சு செய்பவரும் ஒரே ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துபவரும் தத்தம் அளவில் பயன்படுகிறார்கள். அடுத்து, பிழையைச் செய்வதைவிட அதை நீக்குவது எளிதாக இருக்கிறது. விக்கிப்பீடியாவில் ஒருவர் அரைமணி நேரம் செய்த நாசத்தை இன்னொருவர் ஒரு சொடுக்கில் மீட்கலாம். பாலம் கட்டுவதோ அறுவைச் சிகிச்சையோ அப்படிப்பட்டதல்ல. மேலும், ஊதியம் இல்லை என்பதையும் முழுவதுமாக நம்பாதீர்கள். லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் கருநிரலுக்கு இன்று பங்களிப்பவர்களில் மிகப் பலர் பெரிய கணினி நிறுவனங்களின் சம்பளத்தில் அந்த வேலையைச் செய்பவர்கள்.

ஊர் கூடி முடிவெடுத்து வளத்தைப் பகிர்ந்துகொள்வது மீனவர் ஊர்களில் காலங்காலமாக உள்ள வழக்கம். அதையே எல்லாவற்றுக்கும் மாதிரியாகக் கொண்டால் என்ன?
— வாசகர், எண்ணூர்

உங்களுக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரியின் பாடு முறையை மனத்தில் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் மீனவர்கள், ஏரியில் இறால் வளமுள்ள இடங்களைத் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டு தீர்மானிக்கிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவர், முறை மாறும்போது மெலிந்த இடத்துக்குப் போக வேண்டியதுதான். விதியை மீறியவரை ஊர்ப் பஞ்சாயத்து விசாரித்து அபராதம் விதிக்கும்.

பொதுவளத்தை ஆள் ஆளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், ஆகவே அதை அரசோ தனியாரோதான் காக்க வேண்டும் என்பது நெடுங்காலம் பொருளியலாளர்களின் பொதுக்கருத்தாக இருந்தது. உலகெங்கும் உள்ள பாசன அமைப்புகளையும் மீன்பிடித் துறைகளையும் காடுகளையும் ஆராய்ந்து, அது அப்படியே உண்மையல்ல என்று காட்டியதற்காகவே எலினர் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளியல் நோபல் கிடைத்தது. நீடித்து நிற்கும் அமைப்புகளில் அவர் கண்ட கூறுகள், பாடு முறையில் பெரும்பாலும் இருக்கின்றன: யார் உள்ளே, யார் வெளியே என்ற தெளிவு, விதிக்குக் கட்டுப்படுபவர்களே விதியை வகுப்பது, கண்காணிப்பு, முதல் தவற்றுக்குச் சிறிதாகவும் மீண்டும் செய்தால் பெரிதாகவும் தண்டனை, செலவில்லாமல் சச்சரவைத் தீர்க்கும் இடம்.

அந்த முதல் கூறில்தான் என் தயக்கமும் இருக்கிறது. பாடு உரிமை பட்டினவர் என்ற மீனவர் சமூகத்தின் ஆண்களுக்கு உரியது. அதே ஏரியை நம்பியிருக்கும் மற்ற ஊர்க்காரர்களும், தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும், மீனைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பெண்களும் அந்தச் சீட்டில் இல்லை. எல்லை தெளிவாக இருப்பதால் அமைப்பு நிலைக்கிறது. அதே எல்லை சாதியாலும் பாலினத்தாலும் வரையப்பட்டிருப்பதால் பிறருக்கு அது மூடிய கதவாகிறது. உங்கள் மாதிரியை எடுத்துக்கொள்வோர் முறைவைப்பையும் அபராதத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். வெளியே நிறுத்தப்பட்டவர் முறையிடுவதற்கு நீதிமன்றமும் அரசும் வேண்டியே இருக்கிறது.

2015 வெள்ளத்தில் அப்படி ஒன்றுசேர்ந்த நகரம், தண்ணீர் வடிந்ததும் ஏன் கலைந்துபோனது?
— வாசகி, வேளச்சேரி

கலைந்ததில் வியப்பில்லை. அந்த டிசம்பரில் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். முகம் அறியாத இளைஞர்கள் உதவி கேட்டவர்களின் முகவரி, தொலைபேசி எண், தேவை ஆகியவற்றை இணையத்தில் ஒரே பட்டியலில் நிரப்பி, எண்ணுக்கு அழைத்துச் சரிபார்த்து அனுப்பினார்கள். மீட்கப்பட்டவரின் பெயரும் நீக்கப்படாமல் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்ததும் உண்டு. நெருக்கடியில் வேலை எது என்பதை எவரும் சொல்ல வேண்டியதில்லை. மழைநீர் வடிகாலைத் தூர்வாரச் சொல்லி ஜூன் மாதத்தில் மனு எழுதுவதற்கு அந்த வேகம் வருவதில்லை.

நீடித்த முயற்சி ஒன்றும் இந்நகரில் இருந்தது. எம்.பி. நிர்மல் 1989-இல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருதோறும் குழு அமைத்து, வீட்டுக்கு ஒரு சிறு தொகை திரட்டி, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்திக் குப்பையை வாசலிலேயே வாங்கச் செய்தது. அப்போது மாநகராட்சி கொடுத்திருந்ததெல்லாம் தெருமுனைத் தொட்டி மட்டும். 2000-இல் சில மண்டலங்களில் குப்பை அகற்றும் பணி தனியார் நிறுவனத்துக்குப் போனது. வீட்டு வாசலுக்கு வண்டி வரத் தொடங்கியதும் பல தெருக் குழுக்களுக்கு வேலை குறைந்தது. அதைத் தோல்வியாக நான் எண்ணவில்லை. மக்கள் செய்து காட்டியதை மாநகராட்சி எடுத்துக்கொண்டது. இழப்பு என்று சொல்வதானால், மாதாமாதம் பத்து ரூபாய் வாங்க வந்தவரோடு தெருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வழக்கம் போனதுதான்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கணக்குக் கேட்டால், 'எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா' என்று செயலாளர் வருத்தப்படுகிறார். உறவைக் கெடுத்துக்கொள்ளவும் மனமில்லை. என்ன செய்வது?
— வாசகர், மடிப்பாக்கம்

அவரிடம் தனியாகக் கேட்காதீர்கள். அதுதான் அவரைச் சங்கடப்படுத்துகிறது. அடுத்த பொதுக்குழுவில், மாத வரவுசெலவை ஐந்தாம் தேதிக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அது இந்தச் செயலாளருக்கும் இனி வரப்போகிறவருக்கும் பொதுவான விதியாகிவிடும். பொருளாளர் பொறுப்பு ஆண்டுதோறும் தளம் மாறிச் சுற்றிவரட்டும். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதாக இருந்தால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கோரவும் வழி உண்டு. அதுவரை போகத் தேவையிருக்காது என்றே நினைக்கிறேன். தீர்மானத்தை முன்மொழியும்போது, முடிந்தால், வழிமொழியச் செயலாளரையே கேட்டுப் பாருங்கள்.